அப்பாவின் உள்பாக்கெட்டைத் தைத்துவிடு

நெய்வேலி, பிளாக் பதினேழு
திங்கட்கிழமை

அன்பு மகன் நிலவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் நான் சௌக்கியம், மனசளவில் இல்லை. அங்கே நீயும் வெண்மதியும் அப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள், வருகிற சனிக்கிழமையைத் தாண்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நேற்று முழுக்க வேண்டிக்கொண்டிருந்தேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த அம்மா எதற்குக் காகிதத்தைத் தேடி எடுத்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீடியோவில் அப்பா உன் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் உன் போனை எடுத்து நெய்வேலி சமாச்சாரம் பார்ப்பதுதான் அவருக்கு வேலை என்று வெண்மதி சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். எதிர் குவார்ட்டர்ஸ் அமிர்தம் அக்காவின் மகன் சுதாகர் லீவு முடிந்து புதன்கிழமை விமானம் ஏறுகிறான், வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு வந்துவிடுவான். அவன் கொடுக்கிற பையில் முந்திரிப் பாக்கெட்டுக்கு அடியில் இந்தக் கடிதமும் ஒரு சின்ன நீல டப்பாவும் இருக்கும். இரண்டையும் நீயே எடு. அப்பா கேட்டால் அம்மா முறுக்கு கொடுத்தனுப்பினாள் என்று சொல், முறுக்கும் இருக்கிறது, பொய் ஆகாது. டப்பாவைக் கடிதம் முழுவதும் படித்த பிறகு திற.

இங்கே வெயில் ஆளை உருக்குகிறது. பள்ளிக்கூடம் லீவு என்றாலும் ஆபீஸில் எங்களுக்கு அட்மிஷன் வேலை, காலையில் உட்கார்ந்தால் நிமிர மதியம் ஆகிவிடுகிறது. உன் மாமா காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் இரண்டு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார், நான் ஒருத்தி எவ்வளவுதான் தின்பது, இந்த வரிசை முழுக்கச் சுளை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையெல்லாம் பலாப்பிசினோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் நீ அனுப்பிய போட்டோ வந்தது. மூன்று பேரும் உங்கள் ஊர் ஃபுட்பால் டீமின் மஞ்சள் பனியன். உன் அப்பா முகத்தில் இருந்த சிரிப்பை அவருக்கு ரிட்டயர்மெண்ட் மாலை போட்டபோதுகூட நான் பார்க்கவில்லை. ஷிஃப்ட் ஃபோர்மேனாக இருந்தபோது வெள்ளை தவிர வேறு சட்டை போடாத மனிதர், மஞ்சள் பனியன் போட்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சந்தோஷமாகத்தான் பார்த்தேன். அதற்குக் கீழே வெண்மதி எழுதியதைப் பிறகுதான் படித்தேன். சனிக்கிழமை ஆட்டம் உங்கள் ஊரில் இல்லை, நான்கு மணி நேரம் காரில் போக வேண்டும், அது கார் கம்பெனிகள் மூடிப்போய் நொடித்த ஊர், மைதானம் அந்த ஊரின் நடு மையத்திலேயே இருக்கிறது, ஏரியா கொஞ்சம் ஒரு மாதிரிதான் அத்தை, ஆனால் பகல் மேட்ச், பயப்படாதீர்கள் என்று எழுதியிருந்தாள். பயப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும் என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை பாவம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அந்த ஊர் பெயரைப் போனில் போட்டுத் தேடினேன். பெயர் என் வாயில் நுழையாது, எழுத்துக்கூட்டித்தான் போட்டேன். ஒருவன் காரில் போய்க்கொண்டே படம் பிடித்திருக்கிறான். எவ்வளவு உயரம் உயரமான கட்டடங்கள், நிலவா, ஆனால் பாதிக் கடைக்குப் பலகை அடித்திருக்கிறது, ஜன்னலில் கண்ணாடி இல்லை, சிக்னல் விளக்கு மட்டும் சிவப்பும் பச்சையும் தானாக மாறிக்கொண்டிருக்கிறது, நிற்பதற்கு வண்டி இல்லை. ஒரு கட்டடத்துப் படியில் நான்கைந்து பேர் போர்வையைப் போர்த்திப் படுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வெளியூரிலிருந்து ஆட்டம் பார்க்கப் போனவர்கள் எழுதியதையெல்லாம் மொழிபெயர்ப்பைத் தட்டித் தட்டிப் படித்தேன். இருபது வருஷமாகப் போகிறேன், ஒரு தூசு விழுந்ததில்லை என்கிறான் ஒருவன். கார் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துவிட்டார்கள் என்கிறாள் ஒரு பெண். வெளியூர் டீம் பனியனை மைதானத்துக்குள் போகும்வரை மேலே கோட்டுப் போட்டு மறைத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொருவன். மைதானத்தைச் சுற்றி ஒன்றும் பயமில்லை, அதைத் தாண்டி இரண்டு தெரு தப்பிப் போனால் அவ்வளவுதான் என்று வேறொருவன். எதை நம்புவது? நல்லதாகச் சொன்னவர்கள் முகம் எனக்கு ஞாபகமே இல்லை, அந்தக் கண்ணாடி உடைந்த பெண்தான் கண்ணுக்குள் நிற்கிறாள்.

பிறகு எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்து அறை ராஜாம்பாள் டீச்சரைக் கேட்டேன், அவர் மகன் விஷ்ணு அந்த ஊரில்தான் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான். போன் போட்டுக் கொடுத்தார். தங்கமான பையன், அவசரப்படாமல் பேசினான். ஆன்ட்டி, மேட்ச் இருக்கிற நாள்ல கிரவுண்டைச் சுத்தி திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும், போலீஸ் நிக்கும், குழந்தைங்களைத் தோள்ல தூக்கிக்கிட்டு வருவாங்க, ஒண்ணும் ஆகாது, மேட்ச் முடிஞ்சதும் கூட்டத்தோட கூட்டமா வெளிய வந்துடச் சொல்லுங்க, எல்லாரும் கலைஞ்ச பிறகு அங்க நிக்க வேணாம், அது மட்டும்தான் என்றான். போலீஸ் யாராவது நிறுத்தினால் என்று கேட்டேன். நின்னு, கையை வெளிய தெரியிற மாதிரி வெச்சுக்கிட்டு, அவங்க சொல்றதைக் கேட்டா போதும் ஆன்ட்டி என்றான். அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஆனால் எல்லோரும் கலைந்த பிறகு நிற்கக் கூடாது, சொல்வதைக் கேட்க வேண்டும், கையை வெளியே வைக்க வேண்டும் என்று அவன் சொன்ன மூன்றும் உன் அப்பாவால் முடியாத மூன்று. டீச்சர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். வளையமாதேவியில் நிலம் எடுத்த சமயத்தில் ஆர்ச் கேட் பக்கம் கல்லெறி நடந்ததே, அன்றைக்கு டிவியில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு நீ அங்கிருந்து போன் செய்து, கதவைத் தாழ்ப்பாள் போடும்மா, வெளியே போகாதே என்று அழாத குறையாகச் சொன்னாய். நான் அப்போது நம் பிளாக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அட போடா, இங்கே காக்கா கத்துகிறது, வேறு சத்தம் இல்லை என்று சிரித்தேன். வெளியே இருந்து பார்த்தால் ஊர் முழுக்கப் பற்றி எரிகிற மாதிரிதான் தெரியும், உள்ளே இருப்பவனுக்குக் கத்தரிக்காய் விலைதான் கவலை. அந்த ஊரிலும் ஒருத்தி அப்படிக் காய் வாங்கிக்கொண்டிருப்பாள், எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை போன ஊரை நான் குறை சொல்லவும் மாட்டேன். ஆபீஸுக்குப் போகிற வழியில் காலி பண்ணிப் போட்ட குவார்ட்டர்ஸ் வரிசை இருக்கிறதே, கூரையில் ஆலஞ்செடி முளைத்து, ஜன்னல் கம்பியெல்லாம் யாரோ பெயர்த்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் ஆறு மணிக்கு மேல் நானே நடக்க மாட்டேன், அங்கே யாரும் யாரையும் ஒன்றும் செய்ததில்லை, இருந்தாலும் நடக்க மாட்டேன். ஒரு நாள் நம் மைன்ஸ் சங்கும் ஊதாமல் போனால் நம் ஊரையும் யாராவது காரில் போய்க்கொண்டே படம் பிடிப்பார்கள். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. அந்த ஊரால் எனக்குப் பயம் என்பது பாதிதான் நிலவா. மீதிப் பாதியை உன்னிடம் மூன்று வருஷமாக மறைத்து வைத்திருக்கிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் பலாப்பழமும் கத்தரிக்காயும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்டு பில்லைத் தேடி அலமாரியைக் குடைந்தேன். அப்பாவின் வேட்டிக்கு அடியில் அந்த நீல டப்பா இருந்தது. திறந்து பார்த்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அது அவருடைய காது மெஷின். அவருக்குக் காது கேட்கவில்லை நிலவா. கொஞ்சம் மந்தம் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், கொஞ்சம் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் மைன்ஸில் நிலக்கரி பெல்ட் ஓடுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவர், வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் பக்கத்தில் போய்ச் சத்தமாகப் பேசினால் கொஞ்சம் கேட்கும், விசில், ஹாரன், பெண்கள் குரல் இதெல்லாம் விழவே விழாது. போன வருஷம் பாண்டிச்சேரிக்குப் போய் மெஷின் வாங்கினோம். புள்ளைக்குச் சொல்லாத ருக்கு, தெரிஞ்சா செவிட்டு அப்பனை எப்படிக் கூட்டிக்கினு போறதுன்னு யோசிப்பான் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார், நானும் சரி என்றேன். ஆனால் அதை இங்கேயே விட்டுவிட்டு வருவார் என்று நினைக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது எடுத்துக்கினீங்களா என்று கேட்டேன், பையைத் தட்டிக் காட்டினார். போன வாரம் நீ சொன்னாயே, அப்பா இங்கே வந்ததும் ரொம்ப அமைதியாகிவிட்டார்மா, எதற்கும் சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறார் என்று. அது அமைதி இல்லை. தமிழில் பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார், அதற்கு நீங்கள் அவர் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். இங்கிலீஷ்காரன் உதட்டை அவர் எப்படிப் படிப்பார். ஒரு மாசமாக அந்த மனிதர் உன் வீட்டில் தனியாக இருக்கிறார், உனக்கும் தெரியவில்லை, இத்தனை தூரத்தில் இருக்கிற எனக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை எலும்பு விரிந்தது என்று சொன்னோமே, அவர் பாத்ரூமில் விழவில்லை. நீ பதறிப்போய் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய ரப்பர் விரிப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது, தினமும் அதன் மேல் நின்றுதான் குளிக்கிறேன், தினமும் எனக்குக் குறுகுறுக்கிறது. நம் ஊர் சீனியர் ஃபுட்பால் டீம் வெளியூரில் ஒரு ஃபைனலுக்குப் போயிற்று. எந்த ஊர் என்று எழுத மாட்டேன், அந்த ஊரிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அப்பாவும் அவர் ஃப்ரெண்ட் வேணுவும் இன்னும் பத்துப் பேரும் வேன் வைத்துப் போனார்கள். கடைசி நிமிஷத்தில் கோல் செல்லும் செல்லாது என்று தகராறு, இரண்டு ஊர்க்காரர்களும் மைதானத்தில் இறங்கிவிட்டார்கள். ஆட்டம் நடத்தியவர்கள் கூலிக்கு அமர்த்திய காவல் பையன்கள் தடியோடு வந்து விசில் ஊதி எல்லோரையும் விரட்டினார்கள். எல்லோரும் ஓடினார்கள், உன் அப்பா ஓடவில்லை. ஷிஃப்ட் முடிந்தால் கடைசி ஆள் மேலே ஏறி வரும்வரை ஃபோர்மேன் கிளம்பக் கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. சினிமாவுக்குப் போனால்கூட தியேட்டர் காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டார், உனக்குத் தெரியும். வேனில் வந்த பன்னிரண்டு பேரும் வெளியே வந்தார்களா என்று எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு பையன் நில்லு, கையத் தூக்கு என்று கத்தியிருக்கிறான். இவருக்கு என்ன கேட்கும்? திரும்பிப் பார்த்திருக்கிறார், யூனிஃபார்ம் போட்ட ஆள் எதிரே நிற்கிறான். உடனே சிரித்துக்கொண்டே இடுப்புக்குள் கையை விட்டுவிட்டார்.

எதற்கு என்று உனக்குப் புரிந்திருக்கும். அந்த உள்பாக்கெட். மைன்ஸில் சட்டைப் பையில் கேட் பாஸ் வைத்தால் குனியும்போது பெல்ட்டில் விழுந்துவிடும் என்று, மந்தாரக்குப்பம் டெய்லரிடம் சொல்லி எல்லா பேண்ட்டிலும் இடுப்புப் பட்டைக்கு உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைப்பாரே, இன்றைக்கும் அப்படித்தான் தைக்கிறார். கேட்டில் யூனிஃபார்மைப் பார்த்தால் கேட்பதற்கு முன்னாலேயே கை அங்கே போய் பாஸை உருவிக் காட்டிவிடும். எத்தனை ஆயிரம் தடவை காட்டியிருப்பார். அந்தக் காவல் பையன் அவர் கத்தியை உருவுகிறார் என்று நினைத்துவிட்டான். தடியால் மணிக்கட்டில் ஓங்கி அடித்துவிட்டான். கீழே விழுந்தது மெடிக்கல் கார்டு. வேணுதான் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார். ஆறு வாரம் கட்டு. அந்தப் புள்ள மேல தப்பு இல்ல ருக்கு, அவனும் பயந்துக்கினுதான் நின்னான், நான் நின்னுருக்கணும் என்று கட்டுப் போட்ட கையோடு எனக்குச் சமாதானம் சொன்னார். அன்றைக்கு அவர் போயிருந்ததும் வெளியூர் ஆட்டம்தான், போட்டிருந்ததும் வேற்றூர் பனியன்தான். அங்கே அந்தப் பையன் கையில் தடி இருந்தது. நீங்கள் போகிற ஊரில் காவலுக்கு நிற்பவர் இடுப்பில் துப்பாக்கி இருக்கும். இதை எழுதும்போதே எழுத்து கோணலாகப் போவதைப் பார்.

அதில் என் தப்பும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா கிளம்புகிற அன்று பாஸ்போர்ட் நகலை மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த உள்பாக்கெட்டில் வைத்ததே நான்தான். யூனிஃபார்ம் போட்டவங்க யார் உங்களைப் பார்த்தாலும் சரி, பேசிக்கினு நிக்காதீங்க, உடனே எடுத்துக் காட்டிடுங்க என்று காதுக்குப் பக்கத்தில் போய் நான்கு தடவை சொல்லி அனுப்பினேன். சென்னை ஏர்போர்ட்டில் தரை துடைக்கிற பெண்ணிடம்கூட எடுத்துக் காட்டினார், எல்லோரும் சிரித்தோம். அந்தப் பழக்கமே ஆபத்து என்று தெரிந்தவள், அதையே திருப்பிப் படிக்க வைத்து உன்னிடம் அனுப்பியிருக்கிறேன்.

போக வேண்டாம், டிக்கெட்டைக் கிழித்துப் போடு என்று எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன். எழுதவில்லை, ஏன் என்று சொல்கிறேன். டப்பாவிலிருந்து மெஷினை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், இவ்வளவு கெஞ்சி வாங்கியதை ஏன் இந்த மனிதர் ஒளித்து வைத்துவிட்டுப் போனார் என்று கோபம் கோபமாக வந்தது. என்ன தோன்றியதோ, என் காதில் மாட்டிப் பார்த்தேன். ஃபேன் ஓடுவது லாரி ஓடுவது மாதிரி கேட்டது. என் வளையல் சத்தம் எனக்கே கூசியது. அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டிலிருந்து அமிர்தம் அக்கா, பலாச்சுளை இன்னும் இருக்கா என்று கூப்பிட்டார். வழக்கம்போல இங்கிருந்தே தோ வர்றேன்க்கா என்று குரல் கொடுத்தேன். நிலவா, கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அது என் குரல்தான். மெஷினைக் கழற்றி எறிந்துவிட்டேன். அவருக்குக் கேட்கவில்லையே என்றுதான் முதலில் கத்த ஆரம்பித்தேன், பிறகு அது பழக்கமாகி, அப்புறம் எரிச்சலாகி, குழம்பு ஊற்றட்டுமா என்பதைக்கூட சண்டை மாதிரி கேட்கப் பழகிவிட்டேன். நான் ஆபீஸ் விட்டு வரும் நேரம் அவர் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைப்பார். பேட்டரி மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு மக்கு நான். பலாச்சுளையைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் ஏர்போர்ட்டில் அவர் கேட்டது ஞாபகம் வந்தது. நீ டிக்கெட் வாங்கிவிட்டேன் என்று அதற்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தாய். உள்ளே போவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ருக்கு, முப்பதாயிரம் பேர் ஒண்ணா கத்தினா எனக்குக் கேக்கும்ல என்று கேட்டார். நானும் பதிலுக்கு, ஐயோ நேரமாகிறது கிளம்புங்க என்று கத்தினேன். அந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. ஒரு கோல் விழும்போது எழும்புகிற சத்தத்தைக் கேட்கத்தான் அவர் போக ஆசைப்படுகிறார், அந்த மஞ்சள் பனியன் சிரிப்பு அதற்குத்தான். அவரைப் போகாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம் போய்விட்டது என்று நினைக்காதே, அது அப்படியே இருக்கிறது.

அதனால் போங்கள், ஆனால் நான் சொல்கிறபடி போங்கள். அவருடைய பேண்ட் நான்கையும் வெண்மதியிடம் கொடுத்து உள்பாக்கெட் வாயை வெள்ளிக்கிழமையே தைத்துவிடச் சொல். ஒற்றை நூல் வேண்டாம், இரட்டை நூல் போட்டு, விரல் நுனிகூட நுழையாதபடி நெருக்கமாகத் தைக்கச் சொல். அவர் கோபித்துக்கொள்வார், அம்மா சொன்னாள் என்று என் மேல் போடு, அவருக்குப் பழகிய பழிதான். பாஸ்போர்ட் நகலையும், இவருக்குக் காது கேட்காது என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையையும் கழுத்தில் நாடா போட்டு வெளியே தொங்கவிடு, பனியனுக்கு மேலே தெரிய வேண்டும். மைன்ஸில் புதிதாகச் சேர்ந்த நாளில் அப்படித்தான் தொங்கவிட்டிருந்தேன் என்று பெருமையாகச் சொல்வாரே, அதை ஞாபகப்படுத்தினால் போட்டுக்கொள்வார். கோட்டுப் போட்டு மூடாதே, பனியன் தெரிந்தால் பரவாயில்லை, அட்டை தெரிய வேண்டும். நீ அவருக்கு இடது பக்கமாகவே நட, வலது பக்கம் வெண்மதி நடக்கட்டும். அவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதே, முன்னால் போய் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டு, பெல்ட்டை நிறுத்தச் சொல்கிற மாதிரி. அதைப் பார்த்தால் எந்தக் கூட்டத்திலும் நின்றுவிடுவார். மைதானத்துக்குப் பக்கத்தில் பார்க்கிங்குக்கு அதிகம் கேட்டாலும் பரவாயில்லை, அங்கேயே வண்டியை விடு, இரண்டு தெரு தள்ளி மலிவாக இருக்கிறது என்று போகாதே. வண்டிக்குள் பை எதுவும் வைக்காதே. ஆட்டம் முடிந்ததும் கடைசி ஆள் போகட்டும் என்று அவர் உட்காருவார். அப்போது, அப்பா, நம் மூன்று பேரையும் எண்ணியாகிவிட்டது, ஷிஃப்ட் முடிந்தது, ஃபோர்மேன் முன்னால் நடக்கலாம் என்று சொல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்படியே சொல், அப்போதுதான் எழுந்திருப்பார்.

மெஷினை எப்படிக் கொடுப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவரைச் செவிட்டு அப்பன் என்று நினைக்க மாட்டாய் என்பதை உன் வாயால், அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒரு தடவை சொல். அதற்குமேல் பேச வேண்டாம். பேட்டரி இரண்டு அட்டை வைத்திருக்கிறேன், சின்னது, தொலைத்துவிடாதே. மைதானத்துக்குள் போனதும் சத்தம் அதிகமாக இருந்தால் கழற்றிக்கொள்ளட்டும், அவர் இஷ்டம், ஆனால் தெருவில் நடக்கும்போது காதில் இருக்க வேண்டும். முறுக்கு நமுத்துவிடும், டப்பாவில் போட்டு வை. வெண்மதியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், போட்டோவில் முகம் வாடியிருந்தது. நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், போகிற காலும் திரும்புகிற காலும் பத்திரமாக இருக்க வேண்டும், அந்த ஊரில் படியில் படுத்திருந்தவர்களுக்கும் ஒரு வழி பிறக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே சனிக்கிழமை நீங்கள் வீடு வந்து சேரும்போது இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை ஆகியிருக்கும், நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். வந்துட்டோம்மா என்று நீ சொல்லாதே, நீ சொன்னால் நான் நம்ப மாட்டேன். பாத்ரூமில் விழுந்தார் என்று உன்னிடம் சொன்னவள் நான், இந்த மாதிரிப் பொய் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். அப்பாவை மெஷின் மாட்டிக்கொண்டு கூப்பிடச் சொல். வீடியோ வேண்டாம், உதட்டைப் பார்க்காமல் வெறும் போனில் பேசட்டும். நான் கத்த மாட்டேன், மெதுவாகத்தான் பேசுவேன். அந்த முப்பதாயிரம் பேர் சத்தம் கேட்டதா என்று கேட்பேன். அவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டால் எனக்குப் போதும்.

உன் அம்மா,
தனகோட்டி ருக்குமணி